சிறிய கடல்நீர்ப் பவளத் தொட்டி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்தப் பக்கத்து வீடுகளில் வைக்கும் சின்னத் தொட்டிகளுக்காக எழுதியது இது. கணக்கெல்லாம் 60 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம், 8 மி.மீ. கண்ணாடி, மேல் சட்டம் இல்லாத தொட்டிக்கு. மேலே மூன்று விரல் இடம் விட்டு, மணலும் கல்லும் போட்டால் நிற்கிற தண்ணீர் சுமார் 80 லிட்டர்.

பாதிக் கோளாறு இந்த 80 லிட்டரால்தான் வருகிறது. 400 லிட்டரில் கரைந்து போகிற தவறு இதில் மறுநாள் காலையிலேயே தெரியும். ஆகவே எந்த அறிகுறி தெரிந்தாலும் மருந்துப் பாட்டிலைத் திறக்கும் முன் நான்கு அளவு எடுங்கள். வெப்பம் 26 முதல் 27 டிகிரி, உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, அம்மோனியா பூஜ்யம், அல்கலினிட்டி (கார்பனேட்டால் வரும் காரத்தன்மை) 8 முதல் 9 டிகேஎச் (அதை அளக்கிற அலகு). தொட்டி இரண்டு மாதம் கடந்திருந்தால் நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிசெய்யும்போது ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ (சவ்வில் வடிகட்டிய) தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது. விலை குறைந்த கருவிகள் பூஜ்யத்தில் சரியாக நின்று 35-இல் இரண்டு புள்ளி தள்ளிக் காட்டும். 35 என்று குறித்து விற்கிற அளவுத் திரவத்தில் வைத்துத் திருத்துங்கள்.

தண்ணீர் பால்போல் இருக்கிறது

எப்போது கலங்கியது என்பதை வைத்தே காரணத்தைப் பிரிக்கலாம். மணல் போட்ட அன்று கலங்கினால் அது தூசி. ஃபில்டரில் பஞ்சு வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் இரண்டு நாளில் தெளியும். உப்புக் கலக்கிய வாளியிலேயே வெள்ளையாக நின்று, அடியில் மாவுபோல் படிந்தால், உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், அல்லது தண்ணீர் சூடாக இருந்திருக்கும். அடர்ந்த உப்புக்குள் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்துவிட்டது. அது திரும்பக் கரையாது. அந்தத் தண்ணீரில் அல்கலினிட்டி குறைவாகவே நிற்கும். முதலில் தண்ணீர், பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக. லிட்டருக்கு 37 முதல் 40 கிராம் வரை பிடிக்கும். 80 லிட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ.

மூன்றாவது வகை, பத்து நாள் கழித்துத் திடீரென்று வருகிற வெண்புகை. இது பாக்டீரியாப் பெருக்கம். தண்ணீரைக் கெடுக்காது, ஆனால் ஆக்ஸிஜனைத் தின்னும். கழிவை நுரையாக்கி எடுக்கிற ஸ்கிம்மரையும் காற்றுக்கல்லையும் இரவு பகலாக ஓட விடுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். தண்ணீர் மாற்றாதீர்கள், மாற்றினால் இன்னும் நீளும்.

அம்மோனியா இறங்கவே இல்லை

காய்ந்த கல்லில் தொடங்கிய தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அம்மோனியம் குளோரைடால் 2 பிபிஎம் ஏற்றி, அது 24 மணி நேரத்தில் பூஜ்யமானால் மீன் விடலாம். நைட்ரைட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கடல்நீரில் குளோரைடு மிகுதியாக இருப்பதால் நன்னீர்த் தொட்டியில் செய்கிற கெடுதலை அது இங்கே செய்யாது. அம்மோனியா அப்படி இல்லை. பிஎச்சும் வெப்பமும் ஏற ஏற நச்சு வடிவம் கூடும், 8.2 பிஎச், 29 டிகிரியில் இருக்கிற தொட்டியில் அரை பிபிஎம்மே பெரிய அளவு.

ஆறு வாரம் தாண்டியும் 0.25 என்று இளம்பச்சையாகவே காட்டினால், புதிதாகக் கலக்கிய உப்புத் தண்ணீரையும் அதே சோதனைக் கிட்டில் சோதித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிறமென்றால் தொட்டியில் குறையில்லை. கிட்டின் அடிநிறம் அதுதான், இல்லையென்றால் அம்மோனியா நீங்கள் கலக்குகிற தண்ணீரிலோ வாளியிலோ இருக்கிறது. நம் பக்கத்தில் வாளியைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ரப்பர் பால் உறையாமலிருக்க அம்மோனியா விடுகிறார்கள். ஷீட் அடிக்க ஃபார்மிக் ஆசிட். அந்த வாளியும் டிரம்மும் எவ்வளவு கழுவினாலும் தொட்டிக்கு வேண்டாம். உணவுத்தர பிளாஸ்டிக்கில் புதிய வாளி ஒன்று வாங்கி, மேலே "மீன்" என்று எழுதி, வேறு எதற்கும் எடுக்காமல் வையுங்கள்.

மணல்மேல் காப்பிப்பொடி தூவியதுபோல் பழுப்பு

விரலால் தடவினால் தூசியாக எழும்பிக் கலைந்தால் அது டயட்டம் என்ற நுண்பாசி. மூன்றாவது வாரத்தில் வந்து ஆறாவது வாரத்தில் தானாகப் போனால் இயல்பு. மூன்று மாதம் ஆகியும் போகவில்லையென்றால், அதற்குத் தீனியான சிலிக்கா வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. தேட வேண்டிய இடம் தண்ணீர் தயாரிக்கிற மூலை.

குலசேகரம், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் வெட்டுக்கல் மண்ணில் தோண்டிய கிணறுகளில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 50, 60 என்றே காட்டும். "இவ்வளவு நல்ல தண்ணீருக்கு டிஐ எதற்கு" என்று, ஆர்ஓவுக்குப் பின் மிச்சத்தைப் பிடிக்கிற அந்த ரெசின் ஃபில்டரை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. டிடிஎஸ் மீட்டர் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. சிலிக்கா பெரும்பாலும் மின்னேற்றம் இல்லாமல் கரைந்து நிற்பதால் மீட்டருக்குத் தெரியாது.

இந்தக் கிணறுகளுக்கு இன்னொரு குணம் உண்டு. தண்ணீர் லேசாகப் புளிப்பு. கார்பன் டையாக்சைடு நிறையக் கரைந்திருக்கும். வாயுவாக இருப்பதால் அது ஆர்ஓ சவ்வைத் தாண்டி நேராக டிஐ ரெசினுக்குப் போய், அதை வேகமாகத் தீர்த்துவிடும். ரெசின் தீரும்போது முதலில் கைவிடுவது சிலிக்காவைத்தான், அதுவரை பிடித்து வைத்திருந்ததையும் சேர்த்து. மூன்று மாதம் வர வேண்டிய ரெசின் மூன்று வாரத்தில் நிறம் மாறினால் காரணம் இதுவே.

சரிசெய்வது எளிது. ஆர்ஓ தண்ணீரை முதலில் ஒரு டிரம்மில் பிடித்து, காற்றுக்கல் போட்டு ஓர் இரவு ஓட விட்டால் வாயு வெளியேறிவிடும். மறுநாள் சின்ன பம்ப் வைத்து அதை டிஐ வழியாகச் செலுத்துங்கள். ரெசினை மீட்டர் 1 காட்டும்போதே மாற்றுங்கள். 5 வரை காத்திருக்க வேண்டாம். சமையலறை ஆர்ஓ தண்ணீரில் மினரல் சேர்க்கும் பகுதி இருக்கும், அது இதற்கு உதவாது.

அதே பழுப்பு, ஆனால் நூல்நூலாக, குமிழோடு

சளிபோல் இழுபட்டு, நுனியில் காற்றுக்குமிழ் பிடித்து, இரவில் குறைந்து, விளக்குப் போட்ட இரண்டு மணி நேரத்தில் திரும்ப வந்தால் டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிர். டயட்டத்துக்குச் செய்கிற வைத்தியத்தை இதற்குச் செய்தால் பெருகும். சோதனை இப்படி: கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு சின்னப் பாட்டிலில் போட்டு ஒரு நிமிடம் பலமாகக் குலுக்கி, காப்பி ஃபில்டர் பேப்பரில் வடித்து, வடிந்த தண்ணீரை விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூலாகக் கூடினால் டைனோ.

பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு விழுந்த தொட்டியில்தான் இது வரும். பாஸ்பேட் நீக்கியை வெளியே எடுங்கள், தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், தீனியைக் கூட்டுங்கள். நைட்ரேட் 5-க்கும் பாஸ்பேட் 0.05-க்கும் மேல் நிற்கும்வரை கூட்டுங்கள். மூன்று வாரமாவது ஆகும். சுத்தம் செய்யும் ஆசையை அதுவரை அடக்கித்தான் ஆக வேண்டும்.

சிவப்பு ஊதாவில் விரிப்புபோல் உரிந்து வந்தால் சயனோ (சயனோபாக்டீரியா). நீரோட்டம் செத்துப்போன மூலையில் தொடங்கும். குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டம் உண்டாக்குகிற வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்புங்கள். தேவைப்பட்டால் மூன்று நாள் விளக்கை அணைத்து வையுங்கள். பச்சை முடிப்பாசிக்குக் கையால் பிடுங்குவதும், இரண்டு மூன்று டர்போ நத்தையும், விளக்கை 8 மணி நேரத்துக்குள் வைப்பதுமே வழி. பழைய கல்லிலிருந்து பாஸ்பேட் கசிந்துகொண்டிருந்தால் மாதக்கணக்கில் ஆகும்.

வெப்பம் 29-ஐத் தாண்டுகிறது

மேல் சட்டமும் மூடியும் இல்லாத தொட்டிக்கு ஒரு நன்மை, மேற்பரப்பு திறந்து கிடப்பதால் விசிறிக்காற்றில் குளிர்வது. 12 வோல்ட் கம்ப்யூட்டர் விசிறி இரண்டைச் சாய்வாக வைத்தால் 2 டிகிரி இறங்கும், காற்று காய்ந்திருக்கும்வரை. கரையோரத்தில் ஆனி, ஆடியில் காற்றின் ஈரம் 85 சதவீதத்தைத் தொடும். அப்போது விசிறி சுற்றும், தண்ணீரின் சூடு இறங்காது. ஆவியாவதால்தான் குளிர்கிறது, ஆவியாக இடமில்லையென்றால் குளிர்ச்சியும் இல்லை. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் விசிறியை மட்டும் நம்பி வேலையில்லை. தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர், பத்தில் ஒரு குதிரைத்திறனில், வாங்குவதே சரி.

சில்லர் இருந்தும் இறங்கவில்லையா? பெரும்பாலும் அதை ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருப்பார்கள். தான் வெளியே தள்ளிய சூட்டையே அது திரும்ப இழுத்து, நிற்காமல் ஓடும். வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ரேடியேட்டர் தகட்டில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஹீட்டர் இங்கே மார்கழி இரவுக்கும் மழைநாளுக்கும் மட்டும்தான். 100 வாட் போதும். அதை எஸ்டிசி-1000 போன்ற கன்ட்ரோலர் வழியாக மட்டும் ஓட்டுங்கள். ஹீட்டரின் உள் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு அணையாமல் போவது வழக்கமான பழுது. நம் வெயிலில் சில மணி நேரத்தில் தொட்டி வெந்துவிடும்.

அவசரத்துக்கு ஐஸ் பாட்டில்: ஒரு லிட்டர் ஐஸ் முழுதும் உருகினால் 80 லிட்டரை ஏறக்குறைய 1.3 டிகிரி இறக்கும். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில்தான். நிலையான 28-ஐ மென்பவளம் தாங்கும். பகலில் 29, இரவில் 25 என்று ஊசலாடுவதைத் தாங்காது.

உப்புத்தன்மை ஏறி இறங்குகிறது

விசிறி வைத்த தொட்டி நாளுக்கு 2 லிட்டர் சாதாரணமாக இழக்கும். உப்பு ஆவியாகாது. மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 6 லிட்டர் குறைந்து, 35 என்பது ஏறத்தாழ 38 ஆகியிருக்கும். அப்போது ஆறு லிட்டரையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். ஒரு நாள் முழுக்க, சொட்டுச்சொட்டாக.

தானாக நீர் சேர்க்கும் ஏடிஓ இருந்தும் உப்புத்தன்மை இறங்கினால், சென்சாரில் நத்தை உட்கார்ந்திருக்கும் அல்லது பாசி பிடித்திருக்கும். கருவிக்குப் பின்னால் வைக்கிற தண்ணீர் டப்பா 10 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது இதனால்தான். முழுதும் கொட்டினாலும் 35 என்பது 31-க்குத்தான் போகும். மீன் பிழைக்கும், மூடியில்லாத தொட்டியாக இருந்தாலும் வீட்டுத் தரை நனையாது. 31-இலிருந்து 35-க்கு ஏற்ற, லிட்டருக்கு 4 கிராம் வீதம் 320 கிராம் உப்பு வேண்டும். அதைத் தொட்டியில் நேரே போடாமல், ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக உப்புத் தண்ணீராக ஊற்றி மூன்று நாளில் ஏற்றுங்கள்.

கடல் அருகில்தானே, கரைத் தண்ணீரே போதாதா என்று கேட்பவர்களுக்கு: குழித்துறையாறு கலக்கும் தேங்காய்ப்பட்டணத்தில் மழைக்குப் பிறகு எடுத்தால் உப்பு குறைவாகவும் சேறாகவும் இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் அடிநீர் மேலே வருவதால் இந்தக் கடலில் சத்து மிகும். மீன்பாடு பெருக அது நல்லது, 80 லிட்டர்த் தொட்டிக்கு அது பாசி.

பவளம் விரியவில்லை

முதலில் அல்கலினிட்டி. நேற்று 7, இன்று 10 என்றால் அதுவே காரணம். குறைந்திருந்தால் ஏற்றுவதற்குக் கடைச் சரக்கு வேண்டியதில்லை. சமையல் சோடா, மளிகைக் கடையில் அப்பக்காரம் என்று கேட்டாலும் அதுதான் தருவார்கள். பேக்கிங் பவுடர் வேறு, அது ஆகாது. 80 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 2.4 கிராம். ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் அடிக்கிற இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒரு டிகேஎச், அதற்கு மேல் இல்லை.

அளவெல்லாம் சரியென்றால் விளக்கைப் பாருங்கள். புது எல்இடியை முழு வெளிச்சத்தில் விட்டால் காளான் பவளம் சுருங்கி வெளுக்கும், ஸோவா என்ற பொத்தான் பவளம் வாயை மூடிக்கொள்ளும். 30 சதவீதத்தில் தொடங்கி வாரம் 5 ஏற்றுங்கள். தோல் பவளம் மட்டும் மூடி, மேலே மெழுகு பூசியதுபோல் பளபளத்தால் அது தோல் உரிக்கிறது. ஒரு வாரம் ஆகும். நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கரி போடுவது தவிர எதுவும் செய்ய வேண்டாம்.

ஸோவா ஒட்டிய கல்லை வெறுங்கையால் உடைக்காதீர்கள், ஒருபோதும் கொதிநீரில் போடாதீர்கள். சில இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஆவியோடு அது வீட்டுக்குள் பரவும். கையுறையும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

செத்ததற்குப் பதிலாகக் கடலில் எடுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும், கடல் குதிரையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வீட்டுத் தொட்டிக்கு மென்பவளம், காளான், ஸோவா ஆகியவற்றில் தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய துண்டுகள் போதும். தொடக்கக்காரர் கையில் அவைதான் பிழைக்கவும் செய்யும்.

மீன் நன்றாக இருக்கிறது, இறாலும் நண்டும் செத்துவிட்டன

மூன்று காரணம். ஒன்று, புதிதாக விட்டபோது உப்புத்தன்மை வித்தியாசம்; இறாலைச் சொட்டுமுறையில் ஒன்றரை மணி நேரம் பழக்க வேண்டும். இரண்டு, செம்பு. பித்தளைக் குழாய், வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கலக்கிய அதே வாளி. மூன்றாவது, மூடியில்லாத தொட்டிக்கே உரியது: கொசுவிரட்டி. லிக்விடிலும் சுருளிலும் இருக்கிற பைரித்ராய்டு மருந்து மனிதருக்கு அதிகம் செய்யாது, இறாலைக் கொல்லும். காற்று பம்ப் அறைக்காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் அடிக்கிறது. தொட்டி இருக்கிற அறையில் கொசுவலை மட்டும் கட்டுங்கள். நடந்துவிட்டால் புதுக் கரி 200 கிராம், 20 லிட்டர் தண்ணீர் மாற்றம், மறுநாளும் அதேபோல்.

மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

ஆக்ஸிஜன் இல்லை. கரண்ட் போனால் இதுதான் முதலில் கொல்லும், வெப்பம் அப்புறம்தான். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபின் குமரி மாவட்டத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதை மனதில் வைத்து ஏற்பாடு செய்யுங்கள். 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, 5 வாட் டிசி வேவ்மேக்கரைச் சுமார் 10 மணி நேரம் ஓட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஏசி பம்ப் உறுமிச் சூடாகும், அதில் ஓட்ட வேண்டாம். கையில் ஒன்றுமே இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். செம்பு என்பது எவர்சில்வராக இருக்கட்டும்.

கரண்ட் இருக்கும்போதே வாய் பிளந்தால், மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டால் போதும். பம்ப் வாயை மேல்நோக்கித் திருப்பிப் பரப்பை உடையுங்கள்.

கண்ணாடியில் நீளக் கீறல்கள்

காந்தத் தேய்ப்பானுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மணல் மாட்டியிருக்கிறது. கடற்கரை மணலைப் போட்டிருந்தால் இது நடந்தே தீரும். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் இல்மனைட், கார்னெட், சிர்க்கான் கலந்திருக்கிறது. இந்திய அரிய மணல் ஆலை அங்கே இருப்பதே அதற்காகத்தான். ஒரு பிடி எடுத்துத் தாளில் பரப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய வலுவான காந்தத்தை மேலே கொண்டு போங்கள். கரும்பொடி முள்முள்ளாக எழுந்து நிற்கும். தொட்டிக்குள் தேய்ப்பான் காந்தம் அதையே பிடித்து இழுத்துக்கொண்டு கண்ணாடியில் போகும். கார்னெட்டும் சிர்க்கானும் கண்ணாடியைவிடக் கடினம்.

தொட்டிக்கு வேண்டியது சுண்ணாம்பு மணல். வினிகர் விட்டால் நுரைக்கும். நம் கரை மணல் பெரும்பாலும் நுரைக்காது. விழுந்த கீறலை வீட்டில் எடுக்க முடியாது. ஒழுகலுக்கு அது காரணமாகாது, பார்வைக்குத்தான் குறை.

ஸ்டாண்டில் ஈரம்

ஒழுகலா, வியர்வையா, உப்புத் தெறிப்பா என்று பிரிக்காமல் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். சில்லர் போட்ட தொட்டிக்கு மழைக்காலத்தில் கண்ணாடி வியர்க்கலாம். ஒரு சொட்டைக் கறுப்புத் தகட்டில் விட்டுக் காய விடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் வியர்வை. வெள்ளைப் படிவு நின்றால் கடல்நீர். அடுத்து சுற்றிலும் துடைத்து, நாலு பக்கமும் அடி விளிம்பில் தினத்தாளைச் சொருகி இரவு விட்டுவிடுங்கள். உப்புத் தடம் மேலிருந்து இறங்கியிருந்தால் தெறிப்பு. தாள் அடியிலிருந்து நனைந்திருந்தால் ஒழுகல்.

நீர்மட்டத்தையும் அளந்து பாருங்கள். இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்டாண்ட் சாய்ந்திருக்கிறது. நிறைந்த தொட்டி 130 கிலோ. பார்ட்டிகிள் போர்டு ஈரத்தில் ஊதிவிட்டால் தாங்காது. காலி செய்தபின் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் கட்டை கொடுங்கள், கண்ணாடிக்கும் ரப்பர் விரிப்புக்கும் நடுவில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு புள்ளியில் பாரம் ஏறி அடிக்கண்ணாடி விரியும்.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள ஒட்டில் காற்றுக்குமிழ் இருந்து, வாரா வாரம் பெரிதானால் அன்றே இறக்குங்கள். தண்ணீருக்குள் கைவிடுமுன் எல்லா பிளக்கையும் உருவுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவில் தானே அணைகிற சுவிட்ச்) இல்லையென்றால் தொட்டியைத் திரும்ப நிரப்புமுன் எலக்ட்ரீஷியனை அழைத்துப் போட்டுவிடுங்கள்.

நடு ஒட்டு நன்றாக இருந்து, உள்மூலைப் பட்டை மட்டும் உரிந்திருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பழைய சிலிக்கானின்மேல் புது சிலிக்கான் ஒட்டாது, ஆகவே உரிந்த இடத்தை மட்டும் பூசிப் பயனில்லை. நான்கு மூலையும் அடிச்சுற்றும் பிளேடால் முழுதாக எடுத்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வினிகர் வாசனை வருகிற, பூஞ்சைத் தடுப்பு சேர்க்காத சிலிக்கானாக வாங்குங்கள். குளியலறைக்கென்று விற்கிறது நஞ்சு. ஒரே மூச்சில் பூசி, விரலால் ஒருமுறை மட்டும் இழுத்து, ஏழு நாள் விடுங்கள். பிறகு கிணற்றுத் தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி, அதே தினத்தாளைச் சொருகி 48 மணி நேரம் பாருங்கள். தாள் மொறமொறவென்று இருந்தால் உப்புத் தண்ணீர் கலக்கத் தொடங்கலாம்.